பேரேட்டிலிருந்து கரும்பலகைக்கு: செட்டிநாட்டில் கல்லூரி ஆசிரியராக மாறுகிறவர்கள் அறிய வேண்டியவை

வங்கியில் இருபது ஆண்டு கணக்குப் பார்த்தவர், சென்னையில் கட்டடத் தளங்களில் வெயிலில் நின்றவர், சொந்தமாகத் தணிக்கை அலுவலகம் நடத்துகிறவர், காரைக்குடி நீதிமன்றத்தில் வழக்காடுகிறவர். நாற்பதைத் தாண்டும்போது இவர்களில் பலருக்கு ஊர்ப் பக்கம் வந்து ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கலாமே என்ற எண்ணம் வருகிறது. நல்ல எண்ணம்தான். கல்லூரிகளுக்கும் இப்படிப்பட்டவர்கள் வேண்டும். ஆனால் வேலையை விட்டுவிட்டு வந்த பிறகு விதிகளைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் வாசலிலேயே தடுக்கி விழுகிறார்கள். அவர்களைத் தடுக்குவது பெரும்பாலும் என்றோ வாங்கி அலமாரியில் வைத்த முதுகலை மதிப்பெண் பட்டியல்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, கலை அறிவியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக, அந்தப் பாடத்தில் முதுகலைப் பட்டமும் அதில் 55 விழுக்காடும் வேண்டும். பட்டியல் வகுப்பு, பழங்குடி, கிரீமிலேயர் அல்லாத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 5 விழுக்காடு சலுகை உண்டு. இதற்கு மேல் தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட்டில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். விதிப்படி முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. பல்கலைக்கழகத் துறைகளுக்கு முனைவர் பட்டத்தைக் கட்டாயமாக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. 2023 ஜூலையில் அதைக் கைவிட்டு, நெட் அல்லது செட் இருந்தால் போதும் என்று திருத்தினார்கள். 2025 ஜனவரியில் புதிய வரைவு விதிகளும் வெளியாயின. விண்ணப்பிக்கும் நாளில் எது நடைமுறையில் இருக்கிறது என்பதை அந்த அறிவிப்பிலேயே படித்துக்கொள்ள வேண்டும். வரைவை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

அந்த 55-ஐ முழுமையாக்கிக் கணக்கிட மாட்டார்கள். 54.8 என்பது 54.8தான். வேலையில் இருந்துகொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.காம். முடித்து 53, 54 வாங்கியவர்கள் இந்தப் பக்கம் நிறைய. அப்போது தேர்ச்சிதான் முக்கியமாக இருந்தது. பதவி உயர்வுக்கு அது போதும். கல்லூரிக்கு அது போதாது. இதற்கு ஒரே மாற்று, இன்னொரு முறை முதுகலை படித்து உரிய மதிப்பெண் வாங்குவது. இரண்டு ஆண்டு அதற்கே போய்விடும். இது முதல் நாளே தெரிந்தால் இழப்பில்லை, ராஜினாமா செய்த பிறகு தெரிந்தால் பெரிய அடி.

பட்டத்தின் பெயரிலும் சிக்கல் வரலாம். வணிகவியல் பணியிடத்துக்கு வங்கி மேலாண்மை என்றோ கணினிப் பயன்பாடு சேர்ந்த வணிகவியல் என்றோ பெயர் போட்ட பட்டத்தோடு போனால், அது வணிகவியலுக்கு இணையானது என்று தமிழ்நாடு அரசு ஆணை இருக்கிறதா என்று கேட்பார்கள். பாடத்திட்டம் முக்கால் பங்கு ஒன்றாகவே இருந்தாலும் ஆணை இல்லையென்றால் சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் பெற்றவர்களுக்கும் இதே கதிதான். அரசுப் பணிக்குப் பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை வேண்டும் என்று 2009 முதல் அரசாணை இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அதற்குப் பள்ளிப் பருவம் தொட்டுச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும் என்பதால், படித்த பள்ளிக்கு விடுமுறைக்கு முன்பே ஒரு நடை போய்வருவது நல்லது.

பட்டயக் கணக்காளர்களுக்கு 2021-இல் ஒரு வழி திறந்தது. சி.ஏ., கம்பெனி செக்ரட்டரி, காஸ்ட் அக்கவுண்டன்சி ஆகிய மூன்றும் முதுகலைக்கு இணை என்று மானியக் குழு அறிவித்தது. எம்.காம். இல்லாத ஆடிட்டரும் இதனால் நெட் எழுதலாம். நாட்டுக்கோட்டையார் ஊர்களில் கணக்குத் தொழில் பரம்பரையாக ஊறிய ஒன்று. ஆனாலும் இந்த அறிவிப்பு இங்கே போதிய அளவு போய்ச் சேரவில்லை.

பொறியியல் கல்லூரிகளின் கணக்கு வேறு. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇ-யின் 2019 விதிப்படி பி.இ., எம்.இ. இரண்டும் வேண்டும், இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பு வேண்டும். நெட் கேட்பதில்லை. பாலிடெக்னிக் விரிவுரையாளருக்கு முதல் வகுப்பு பி.இ. போதும். எம்.பி.ஏ. துறைக்கு, முதுகலைக்குப் பின் இரண்டு ஆண்டு தொழில் அனுபவம் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. தொழிலில் இருந்தவரை விதியே கேட்டு அழைக்கும் அரிய இடம் இது. வங்கியிலிருந்தும் நிறுவனங்களிலிருந்தும் வருகிறவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவும் இதுதான்.

இனி நெட் தேர்வு. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் பருவங்களுக்கு நடக்கிறது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை. மூன்று மணி நேரத்தில் 150 கேள்விகள். முதல் தாளில் 50, பாடத் தாளில் 100. ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். தவறான விடைக்குக் கழிவு இல்லை. பொதுப் பிரிவுக்கு 40 விழுக்காடும் மற்றவர்களுக்கு 35 விழுக்காடும் குறைந்தபட்சம். ஆனால் அந்தக் குறைந்தபட்சத்தைத் தொட்டவர் எல்லாரும் தேர்ச்சியாவதில்லை. எழுதியவர்களில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினருக்குத்தான் தகுதி கிடைக்கும்.

தொழிலில் இருந்து வருகிறவர்கள் பாடத் தாளையே பயந்து படிக்கிறார்கள். கவனிக்க வேண்டியது முதல் தாள். கற்பித்தல் திறன், ஆராய்ச்சித் திறன், தரவுகளைப் புரிந்துகொள்ளுதல், தருக்கம், உயர்கல்வி அமைப்பு என்று பத்து அலகு. ஒவ்வொன்றிலும் ஐந்து கேள்வி. தரவு, தருக்கம் இரண்டிலும் அலுவலகப் பழக்கம் கைகொடுக்கும். ஆராய்ச்சித் திறனில்தான் கோட்டைவிடுகிறார்கள். கருதுகோள், மாதிரியெடுப்பு என்பவை அலுவலக வாழ்க்கையில் காதில் விழாத சொற்கள். நாளைக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்து, ஆறேழு மாதம் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தால் முதல் தாளைப் பிடித்துவிடலாம். மாநில செட் தமிழ்நாட்டுக்குள் செல்லும், ஆனால் ஆண்டுதோறும் நடப்பதில்லை. அதற்காகக் காத்திருப்பது காலவிரயம்.

நெட் உள்ளே விடும், மேலே ஏற்றாது. இணைப் பேராசிரியர் ஆவதற்கு முனைவர் பட்டம் வேண்டும். 2022 முனைவர் பட்ட விதிகள் வேலையில் இருப்பவர்களுக்குப் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன. அலுவலகத்திடமிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அதில் பகுதிநேரமாகப் படிக்க அனுமதி, ஆய்வுக்கு நேரம் ஒதுக்க வேலை இடம் தருகிறது என்ற உறுதி, தேவைப்பட்டால் பாட வகுப்புக்கு விடுவிப்போம் என்ற வாசகம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். வெறும் ‘ஆட்சேபம் இல்லை’ என்ற ஒற்றை வரிக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் இரண்டு ஆண்டு தளர்வு உண்டு. தொலைநிலையில் முனைவர் பட்டம் கிடையாது. தருகிறோம் என்று யார் சொன்னாலும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

இங்கே செட்டிநாட்டுக்கே உரிய ஒரு விஷயம் வருகிறது. நம் ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன. ஆகவே கலைக் கல்லூரிகளும் இரண்டு பல்கலைக்கழகங்களுக்குக் கீழே வருகின்றன. காரைக்குடி, தேவகோட்டைக் கல்லூரிகள் அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பொன்னமராவதி பக்கம் மேலைச்சிவபுரிக்குப் போனால் திருச்சி பாரதிதாசன். இருபக்கமும் உறவும் போக்குவரத்தும் ஒன்றாக இருக்கலாம். பாடத்திட்டமும் தேர்வும், முனைவர் பட்ட ஆய்வை வழிநடத்தும் நெறியாளர்களின் பட்டியலும் வேறு. எந்தப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யப்போகிறோம் என்று முடிவு செய்த பிறகுதான் நெறியாளரைத் தேட வேண்டும். ஒரு பேராசிரியர் எட்டு பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் நெறிப்படுத்த முடியாது. நெறியாளரிடம் இடம் காலியாக இருக்கிறதா என்பதுதான் உண்மையான தடை, நுழைவுத் தேர்வு இல்லை. காலியிடப் பட்டியலைப் பார்த்து, அந்த நெறியாளர் எழுதிய இரண்டு கட்டுரைகளையாவது படித்துவிட்டு நேரில் போவது மரியாதை. பலனும் அப்படித்தான் கிடைக்கும்.

இந்த மண்ணில் தொழிலும் கல்லூரியும் தூரத்தில் இருந்ததில்லை. 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது சென்னை, ரங்கூனோடு ஒரே நாளில் கிளை திறந்த மூன்றாவது ஊர் காரைக்குடி. கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-இல் கலைக் கல்லூரியையும் 1952-இல் பொறியியல் கல்லூரியையும் தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட அந்த ஆய்வகத்தில் 1988 முதல் வேதி மற்றும் மின்வேதிப் பொறியியலில் பி.டெக். நடக்கிறது, பகலில் ஆய்வுக்கூடத்தில் இருக்கிற விஞ்ஞானிகளே பாடமும் எடுக்கிறார்கள். தொழிலை விடாமல் கற்பிப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி பக்கத்தில் வேறில்லை.

தொழிலை விடாமல் என்றதும் வழக்கறிஞர்களையும் ஆடிட்டர்களையும் சொல்ல வேண்டும். வழக்கறிஞர் முழுநேரச் சம்பள வேலைக்குப் போனால் வழக்காடும் உரிமையை நிறுத்தி வைக்க வேண்டும். ஆனால் சட்டம் கற்பிப்பதற்கென்றே 1979-இல் வந்த விதி, ஒரு நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் பாடம் எடுப்பதை அனுமதிக்கிறது. காரைக்குடியில் அரசு சட்டக் கல்லூரி வந்த பிறகு இந்த விதி நம் ஊர் வழக்கறிஞர்களுக்கு நேரடிப் பயன். தொழிற்சான்று வைத்திருக்கும் ஆடிட்டர் வாரத்துக்கு 25 மணி நேரம் வரை கற்பிக்கலாம். அதைத் தாண்டினால் தொழில் செய்கிறவர் என்ற தகுதிக்கே பிரச்சினை.

முழுநேரமாகவே வர நினைக்கிறவர்களுக்கு மூன்று நான்கு வாசல்கள். நிரந்தர அரசுப் பணி ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக வருகிறது. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது உச்ச வயது 57 என்று இருந்தது. ஆகவே வயது போய்விட்டது என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். ஆனால் அறிவிப்புக்கும் நியமனத்துக்கும் நடுவே ஆண்டுகள் ஓடுவது வழக்கம்; அந்த இடைவெளியில் வீடு எதை வைத்து நடக்கும் என்பதற்குப் பதில் இருக்க வேண்டும். அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000 ரூபாய், ஆண்டில் 11 மாதம். மானியக் குழு 2019-இல் சொன்ன தொகை ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் 50,000-க்கு மிகாமல். இந்த வேறுபாட்டுக்காகக் கௌரவ விரிவுரையாளர்கள் நீதிமன்றம் வரை போய்ப் போராடி வருகிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சுயநிதிக் கல்லூரிச் சம்பளம் ஒவ்வொரு நிர்வாகத்துக்கும் ஒன்று. கேட்டு, எழுத்தில் வாங்கி, கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா என்பதையும் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

தொழில் அனுபவத்தையே தகுதியாக எடுத்துக்கொள்ளும் ‘புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்’ என்ற பதவியை மானியக் குழு 2022 செப்டம்பரில் கொண்டுவந்தது. தன் துறையில் குறைந்தது 15 ஆண்டு, அதுவும் மூத்த நிலையில், பணியாற்றியவருக்குப் பட்டமோ ஆய்வுக் கட்டுரையோ கேட்பதில்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்குள், முதலில் ஓராண்டுக்கு, நீட்டித்தால் மொத்தம் மூன்று ஆண்டு, மிக விதிவிலக்காக நான்கு. ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் இது இல்லை. பதவி ஓய்வை நெருங்குகிறவர்களுக்குப் பொருத்தம். நாற்பது வயதில் அடுத்த இருபது ஆண்டுக்கு வழி தேடுகிறவர் இதை நம்பக் கூடாது. நான்காம் ஆண்டு முடிவில் கையில் பட்டமும் இருக்காது, பணியும் இருக்காது.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தேர்வு வாரியம் 2019-இல் கற்பித்தல் அனுபவத்துக்கு மதிப்பெண் தந்தபோது கணக்கில் எடுத்தது கல்லூரியில் கற்பித்த காலத்தை. வங்கியில் கழித்த இருபது ஆண்டுக்கு அங்கே பூச்சியம். சுயநிதிக் கல்லூரியில் கற்பித்த காலத்துக்கும் மண்டல இணை இயக்குநரின் மேலொப்பம் வேண்டும். கல்லூரி மாறும்போது அன்றே சான்றை வாங்கி ஒப்பம் பெறாமல் ஐந்து ஆண்டு கழித்து அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குள் முதல்வர் மாறியிருப்பார், வருகைப் பதிவேடு எங்கோ போயிருக்கும்.

வாசலைத் தாண்டியாயிற்று. வகுப்பறையில் என்ன தவறுகிறது?

செட்டியார் கடைகளில் தொழில் கற்ற முறை தெரியும். பெட்டியடிப் பையனாகப் பணப்பெட்டி அருகே உட்கார்ந்து, அடுத்தாளாகிப் பிறகு மேலாளாவது. பார்த்துப் பார்த்து, திட்டு வாங்கி, கை பழகும். தொழிலில் இருந்து வருகிற பெரும்பாலோர் கற்றதும் ஏறக்குறைய இப்படித்தான். அறுபது பேர் உட்கார்ந்த வகுப்பில், ஐம்பது நிமிட மணிக்குள், அந்த முறை வேலை செய்யாது. அங்கே எல்லாவற்றையும் வாயால் சொல்லி, பலகையில் எழுதி, வரிசை மாறாமல் கொடுக்க வேண்டும்.

நம் ஏட்டின் இருப்பும் வங்கி காட்டும் இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலை எடுத்துக்கொள்வோம். ரொக்க ஏட்டின்படி இருப்பு 48,500. கொடுத்த காசோலையில் 12,000 இன்னும் வங்கிக்கு வரவில்லை. வசூலுக்குப் போட்ட 5,000 இன்னும் வரவாகவில்லை. வங்கிக் கட்டணம் 200, அதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி 36, ஆக 236. வங்கி அலுவலர் பலகையில் என்ன செய்வார்? பழக்கத்தில் 236-ஐ முதலில் ரொக்க ஏட்டிலேயே கழித்து 48,264 ஆக்கிவிட்டு, 12,000 கூட்டி, 5,000 கழித்து, 55,264 என்று முடிப்பார். அலுவலகத்தில் அதுதான் சரி. வினாத்தாள் கேட்பது திருத்தாத இருப்பிலிருந்து தொடங்கும் பட்டியல். கூட்டு: விடுத்து முன்னிலைப்படுத்தப்படாத காசோலை 12,000. கழி: வசூலாகாத காசோலை 5,000, வங்கிக் கட்டணம் 236. விடை அதே 55,264. ஆனால் இரண்டு படிகளைக் கலந்து எழுதிய மாணவர் 236-ஐ இரண்டு முறை கழித்து 55,028 என்று நிற்பார். மதிப்பெண் போகும், ‘அனுபவசாலி நடத்தினால் புரியவில்லை’ என்ற பேச்சும் வரும்.

இந்தத் தவறுக்குக் காரணம், கைக்கு எப்போதோ பழகிப்போன படி கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான். மருந்தும் எளிது. நாளை நடத்தப்போகும் கணக்கைத் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவருக்கு, வீட்டில் அக்காவுக்கோ மைத்துனருக்கோ, இன்று இரவு சொல்லிப் பாருங்கள். ‘ஏன் கூட்டுறீங்க?’ என்று அவர் எந்த இடத்தில் நிறுத்துகிறாரோ அங்கேதான் வகுப்பும் நிற்கும். ‘காசோலை கொடுத்ததும் நம் ஏட்டில் கழித்துவிட்டோம், வங்கி இன்னும் கழிக்கவில்லை, அதனால் அங்கே இருப்பு கூடுதலாக இருக்கும்’ என்ற இந்த ஒரு வாக்கியம் வருவதற்கு முன் கூட்டல் குறி பலகையில் வரக் கூடாது.

பொறியியலிலும் இதே வகைதான், ஆனால் பொருளைக் கையில் கொடுக்க முடியும் என்பது கூடுதல் வசதி. சிமென்ட் இறுகுவதற்குத் தண்ணீர் ஏன் வேண்டும் என்று சமன்பாடு போடுவதற்கு முன், ஆத்தங்குடித் தரைக்கல் இரண்டை மேசையில் வைக்கலாம். கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் குழம்பை ஊற்றி, உலர்ந்த சிமென்ட் மணல் தூவி, மேலே ஈரக் கலவை அடைத்து எடுத்த கல். ஒன்றை நாட்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் ஊறவிட்டு எடுத்தது, இன்னொன்றை நேராக வெயிலில் போட்டது. நகத்தால் கீறிப் பார்க்கச் சொன்னால், ஊறாத கல்லின் முகம் மாவாக உதிர்வதை மாணவர்களே சொல்வார்கள். சமன்பாடு அதற்குப் பிறகு வந்தால் மனத்தில் நிற்கும். தளத்தில் நின்ற பொறியாளரின் பலம் இதுதான். அந்தக் கல்லை எங்கே வாங்குவது, யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரியும். அனுபவக் கதைகளை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் முதல் வாரம் ரசிப்பார்கள், மூன்றாவது வாரம் பாடம் நடக்கவில்லை என்று துறைத்தலைவரிடம் போய் நிற்பார்கள்.

மொழி இன்னொன்று. சுற்றியுள்ள ஊர்களில் பேருந்து ஏறி வருகிற பிள்ளைகளில் பலர் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள். கல்லூரித் தேர்வு பல பாடங்களில் ஆங்கிலத்தில். தமிழிலேயே நடத்தி முடித்தால் புரியும், எழுத வராது. ஆங்கிலத்தில் மட்டும் போனால் மனப்பாடம்தான் மிஞ்சும். விளக்கத்தைத் தமிழிலும், வரையறையையும் கலைச்சொல்லையும் இரண்டிலும் பலகையில் எழுதுவதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. ரொக்க ஏடு, செல்லேடு, இருப்பாய்வு என்று பதினொன்றாம் வகுப்பில் அவர்கள் கற்ற சொற்கள் இருக்கின்றன. அலுவலகத்தில் அவற்றைப் பயன்படுத்தாத ஆசிரியர்தான் அந்தப் பாடநூலை ஒருமுறை வாங்கிப் படித்துக்கொள்ள வேண்டும்.

வேலை குறையும் என்று நினைத்து வருவதும் தவறு. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. வாரத்தின் மொத்தப் பணி 40 மணி நேரம். முதல் ஆண்டில் ஒரு மணி வகுப்புக்கு இரண்டு மூன்று மணி நேரத் தயாரிப்பு பிடிக்கும். அதற்கு மேல் அகமதிப்பீடு, வருகைப் பதிவு, பாடக் கோப்பு, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது ஆவணங்கள், பருவ இறுதியில் விடைத்தாள் திருத்தம். கலைக் கல்லூரிகளில் வழக்கமாக 25 மதிப்பெண் அகத்துக்கு, 75 புறத்தேர்வுக்கு. அந்த 25-ஐப் போடும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் காட்டத் தயாராக இருக்க வேண்டும்.

விலகும் முறையிலும் கவனம் வேண்டும். அரசு, பொதுத்துறை ஊழியர்கள் உரிய வழியில், அலுவலகத் தலைவர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். மறைத்து எழுதித் தேர்வானால் பழைய பணிக்காலத்தின் தொடர்ச்சி போய்விடும். தனியார் நிறுவனத்திலிருந்து வருகிறவர்கள் விடுவிப்பு ஆணை, நாள் குறிப்பிட்ட அனுபவச் சான்று இரண்டையும் கையில் வாங்காமல் வெளியே வர வேண்டாம். வருங்கால வைப்புநிதியை எடுக்காமல் அதே எண்ணில் மாற்றிக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு அலுவலகம் தந்த மருத்துவக் காப்பீடு கடைசி நாளோடு முடிவதால், அதற்கு முந்தைய மாதமே சொந்தக் காப்பீடு எடுத்துவிட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. பக்கத்துக் கல்லூரியில் துறைத்தலைவரைப் பார்த்து, சிறப்புச் சொற்பொழிவு வேண்டாம், பாடத்திட்டத்தில் ஒரு அலகை நடத்தத் தாருங்கள் என்று கேளுங்கள். சனிக்கிழமைகளில் ஐந்தாறு மணி நேரம் வரும். அந்த அலகிலிருந்து ஒரு தேர்வும் வையுங்கள். நடத்தியதில் என்ன போய்ச் சேர்ந்தது, எந்தப் படியில் அறுந்தது என்பது கடைசி வரிசையில் இருந்து வரும் இருபது விடைத்தாளில் அப்படியே இருக்கும். அவற்றை உட்கார்ந்து திருத்தி முடித்த பிறகும் அடுத்த அலகை எப்படி நடத்தலாம் என்று மனம் யோசித்துக்கொண்டிருந்தால், ராஜினாமாக் கடிதத்தை எழுதலாம்.